சாலைக்கு அடியில் கருகிய கல்மேடு: கேள்வி பதில்

அயர்லாந்தில் நெடுஞ்சாலைக்காக மேல்மண்ணை வழிக்கும்போது அடிக்கடி தட்டுப்படுபவை கருகிய கல்மேடுகள். உள்ளூரில் ‘ஃபுலக்ட் ஃபியா’ என்பார்கள். பெரும்பாலானவை வெண்கலக் காலத்தவை. இவற்றைப் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

சார், கரியும் உடைந்த கல்லும் எங்கேயும் கிடக்குமே. பழங்காலத்து மேடு என்று எப்படித் தெரிகிறது?

இயந்திரம் மண்ணை வழித்ததும் பழுப்பு நிலத்தின் நடுவே கரேலென்று ஒரு திட்டு தெரியும். அதிலுள்ள கற்கள் கோணல்மாணலாக வெடித்து, முனை கூராக இருக்கும். இடுக்கெல்லாம் கரித்தூள். மேடு கலையாமல் இருந்தால் பெரும்பாலும் குதிரை லாட வடிவம். அதன் வாய்ப்பக்கம் பலகையோ கல்லோ பதித்த ஒரு தொட்டிக்குழி, அருகில் ஓடை அல்லது சதுப்பு. கல்லைப் பழுக்கக் காய்ச்சித் தொட்டித் தண்ணீரில் போட்டிருக்கிறார்கள். வெடித்துப் பயனற்றுப்போன கல்லை வாரி வெளியே கொட்டியிருக்கிறார்கள். அந்தக் குப்பைதான் மேடு.

எந்தக் கல்லும் சரிவருமா?

வராது. மணற்கல்லைத்தான் விரும்பியிருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல்லைக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் அது நீறிப்போய்த் தண்ணீரையும் கெடுத்துவிடும்.

இவ்வளவு வெந்நீர் எதற்கு? சமையலுக்கா?

ஓ’கெல்லி என்ற தொல்லியல் பேராசிரியர் 1950களில் கார்க் மாவட்டத்து பாலிவூர்னியில் செய்தே பார்த்தார். சுமார் 450 லிட்டர் தண்ணீர் அரை மணி நேரம் போலக் காய்ந்ததும் கொதித்துவிட்டது. வைக்கோல் சுற்றிப் போட்ட 4.5 கிலோ ஆட்டுத்தொடை 3 மணி 40 நிமிடத்தில் வெந்தது. சரி, சமையல்தான் என்று முடித்துக்கொள்ளலாமா? எலும்பு மிகக் குறைவாகவே கிடைக்கிறதே! அமில மண் எலும்பைத் தின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் எலும்பு தாங்கும் மண்ணிலும் சொற்பமாகத்தான் இருக்கிறது.

அதனால் 1987இல் பார்ஃபீல்ட், ஹாடர் என்ற இருவர், இவை நீராவிக் குளியலிடங்களாக இருக்கலாம் என்றார்கள். 2007இல் அயர்லாந்தின் கால்வேயில் இரண்டு தொல்லியலாளர்கள் இதே முறையில் பீர் காய்ச்சிக் காட்டினார்கள். தோல் பதனிட, கம்பளிக்குச் சாயமேற்ற என்றும் சொல்வதுண்டு. செய்துகாட்டினால் ‘முடியும்’ என்று தெரியும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், ஒரே பயனைத் தேடுவதே வீண். கல்யாணச் சாம்பார் கொதித்த அண்டாவில்தான் மறுநாள் குளிக்க வெந்நீர் வைக்கிறோம்.

வயதை எப்படிக் கணிக்கிறார்கள்?

கரியை ரேடியோ கார்பன் முறையில் சோதிப்பார்கள். மரத்தின் அந்தப் பகுதி வளர்ந்த காலத்தைத்தான் அது காட்டும், எரிந்த காலத்தை அல்ல. ஹேசல் என்ற புதர்மரம் போன்றவற்றின் சிறு சுள்ளிக் கரி கிடைத்தால் நல்லது. ஓக் மரத்தின் வைரக்கட்டை என்றால் வம்பு. முந்நூறு வருஷத்து மரத்தின் நடுப்பகுதி, நெருப்பு மூட்டிய நாளைவிட முந்நூறு வருஷம் பழைய கணக்கைக் காட்டும்.

அண்ணா, சாலை போடும்போது மட்டும் ஏன் இத்தனை கிடைக்கின்றன?

உழுது உழுது மேடு தரைமட்டமாகியிருக்கும், மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. தொல்லியலாளர்கள் தாமாகத் தேடிப்போவது கோட்டை, கல்லறை போன்றவற்றை. சாலைப் பொறியாளருக்கு அந்த விருப்பு வெறுப்பு கிடையாது, சதுப்போ வயலோ அவர் பாதை குறுக்கே போகும். அயர்லாந்தில் பதிவானவை 7,000 அளவில் இருக்கின்றன, கார்க் பக்கம்தான் அதிகம். 2000க்குப் பிந்தைய மோட்டார்வே வேலைகளில் நிறையச் சேர்ந்தன.

பல்லாரிப் பக்கத்துச் சாம்பல் மேடுகளும் இதுதானா?

இல்லை. அவை புதிய கற்கால மாட்டுப்பட்டிகளில் குவிந்த சாணம் எரிந்தவை. தெலங்கானாவின் உட்நூரில் இப்படியொரு சாம்பல் மேட்டை 1957இல் ஆல்சின் என்ற தொல்லியலாளர் தோண்டியபோது மாட்டுக் குளம்புத் தடங்களே கிடைத்தன. அங்கே சாணச் சாம்பல், இங்கே வெடித்த கல்.

மேடு கிடைத்தால் சாலைத் திட்டம் நின்றுவிடுமா? புதையல் ஏதும்?

பெரும்பாலும் நிற்காது. முழுவதும் தோண்டி, அளந்து, படமெடுத்து, மாதிரிகளை எடுத்துக்கொண்டு இடத்தைச் சாலைக்காரர்களிடம் விட்டுவிடுவார்கள். பொன், மணி எதுவும் எதிர்பார்க்காதீர்கள், பானை ஓடு கிடைப்பதே அபூர்வம். அதிர்ஷ்டம் இருந்தால், ஈரத்தில் அழுகாமல் கிடந்த தொட்டிப் பலகையில் கோடரி வெட்டுகள் இருக்கும். கோடரியின் வாய் எவ்வளவு அகலம் என்று அதை வைத்தே அளந்துவிடுவார்கள்.