கொமடோர் 64: அந்தப் பழைய பவர் சப்ளையை மறுபடி சொருகாதீர்கள்

ஜெர்மனியில் டோர்ட்முண்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மாமா எண்பதுகளில் வாங்கிய கொமடோர் 64 கம்ப்யூட்டர் நிலவறையில் இருந்து கிடைத்தது, அதன் பவர் சப்ளையும் கூடவே இருந்தது. சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்குகூட எரியவில்லை. பவர் சப்ளை மட்டும் சூடாகிறது, லேசாக முனகுகிறது. அதை உடைத்துப் பழுது பார்க்கலாமா? இல்லை, வீட்டில் இருக்கிற 5 வோல்ட் போன் சார்ஜரையும் 9 வோல்ட் அடாப்டரையும் சேர்த்து ஒப்பேற்றிவிடலாமா?"

முதல் வேலையாக அந்தக் கறுப்புக் கட்டியை, அதாவது பவர் சப்ளையை, சுவரிலிருந்து கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். மறுபடி சொருக வேண்டாம். விளக்கு எரியவில்லை என்று கவலைப்படுகிறீர்கள். ஆனால் இந்த பவர் சப்ளை எதையும் கொடுக்காமல் செத்துப்போனால் அது உங்கள் அதிர்ஷ்டம். கொடுக்க வேண்டியதைவிட அதிகமாகக் கொடுத்துச் சாவதுதான் ஆபத்து.

காரணத்தைச் சொல்கிறேன். 1982இல் வெளிவந்த கொமடோர் 64க்குள் (சுருக்கமாக சி64) போகும் மின்சாரம் இரண்டு வகை. ஒன்று 5 வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடுவது), இன்னொன்று 9 வோல்ட் ஏசி (திசை மாறி மாறி ஓடுவது). இந்த 5 வோல்ட்டைச் சீராக்கும் ரெகுலேட்டர் கம்ப்யூட்டருக்குள் இல்லை, வெளியே இருக்கும் அந்தக் கட்டிக்குள்தான் இருக்கிறது. அங்கிருந்து வருவது நேராக ப்ராசஸருக்கும் மெமரி சிப்களுக்கும் போய்விடுகிறது, நடுவில் காவல் எதுவும் கிடையாது. டிரான்ஸ்ஃபார்மர், ரெகுலேட்டர் எல்லாவற்றையும் வைத்து எபாக்சி பிசினை ஊற்றி இறுக்கி மூடியிருக்கிறார்கள். சூடு வெளியேற வழியே இல்லை. நாற்பது வருடம் இப்படி வெந்த ரெகுலேட்டர் ஒருநாள் உள்ளுக்குள் ஷார்ட் ஆகும். அப்போது 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 8, 9 வோல்ட் வரும், சில சமயம் அதற்கு மேலும் வரும். முதலில் பலியாவது பெரும்பாலும் 4164 என்ற மெமரி சிப்கள், அப்புறம் மற்றவை. பவர் சப்ளைக்கு மாற்று கிடைக்கும். ஒலிக்கான சிட் சிப்புக்கும் படத்துக்கான விக் சிப்புக்கும் அவ்வளவு எளிதில் கிடைக்காது, அவற்றைப் புதிதாகச் செய்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது.

"மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 5 வோல்ட் காட்டுகிறதே" என்று பலர் எழுதுகிறார்கள். அந்த அளவீட்டை நம்பாதீர்கள். சுமை இல்லாமல், குளிர்ந்த நிலையில், ஒரு நிமிடம் அளந்தால் சாகப்போகிற ரெகுலேட்டரும் 5.0 காட்டும். அரைமணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகு என்ன செய்யும் என்பதே கேள்வி. ஆகவே என் கருத்தில், எபாக்சி ஊற்றிய கட்டி வேலை செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி, அதற்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். உடைத்துப் பழுது பார்ப்பதும் வேண்டாம். பிசினைச் சுரண்டும்போது டிரான்ஸ்ஃபார்மர் சுற்றில் கீறல் விழுந்தால், மெயின் லைன் 230 வோல்ட் உங்கள் கம்ப்யூட்டர் வரைக்கும் வரலாம். அடியில் திருகு வைத்த, திறக்கக்கூடிய பிற்கால மாடல்களும் உண்டு. அவற்றின் ரெகுலேட்டரையும் மின்தேக்கிகளையும் மாற்றலாம். ஆனால் மெயின் லைனோடு பழகியவர்கள் மட்டுமே அதில் கைவைக்க வேண்டும்.

சரி, சார்ஜரும் அடாப்டரும் சேர்ந்தால் ஆகுமா? அந்த 9 வோல்ட் அடாப்டரை உடனே ஒதுக்கிவிடுங்கள். கிட்டத்தட்ட எல்லா வீட்டு அடாப்டர்களும் டிசி தருபவை, சி64க்கு வேண்டியது ஏசி. பழைய சர்க்யூட் பலகைகளில் இந்த ஏசியை இரட்டித்து, சீராக்கித்தான் சிட், விக் சிப்களுக்கான 12 வோல்ட் எடுக்கப்படுகிறது. டிசி கொடுத்தால் அந்த இரட்டிப்பு நடக்காது. 12 வோல்ட் வராது, திரை கறுப்பாகவே இருக்கும். இன்னொரு வேலையும் உண்டு: மெயின் லைனின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பை எண்ணித்தான் உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. டிசியில் எண்ணுவதற்குத் துடிப்பே இருக்காது. போன் சார்ஜரைப் பொறுத்தவரை, நல்ல தயாரிப்பாக இருந்து 3 ஆம்பியர் தந்தால் 5 வோல்ட் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மெல்லிய யுஎஸ்பி கேபிளில் ஒன்றரை ஆம்பியர் ஓடினால் மறுமுனையில் 4.6 வோல்ட்தான் மிஞ்சும், மெமரி தடுமாறும். மலிவான சார்ஜராக இருந்தால் மெயின் லைனுக்கும் வெளியீட்டுக்கும் இடையே உள்ள காப்பும் சந்தேகம்தான். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எளிய, பாதுகாப்பான வழி, சி64க்கென்றே இப்போது செய்து விற்கப்படும் புதிய பவர் சப்ளையை வாங்குவது. ஐரோப்பாவில் இவற்றைச் செய்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். வாங்குமுன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். 5 வோல்ட் ஏறிவிட்டால் தானே துண்டிக்கும் பாதுகாப்புச் சுற்று இருக்கிறதா? 9 வோல்ட் பக்கம் உண்மையிலேயே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் ஏசிதானா? இரண்டு பக்கமும் ஃப்யூஸ் உண்டா? "புதிய பெட்டி" என்று சொல்லி உள்ளே பழைய கட்டியையே வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள், ஆகவே உள்ளே இருப்பதன் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கைவேலை தெரிந்தவர்கள் தாங்களே செய்யலாம். 5 வோல்ட் 3 ஆம்பியர் தரும் மூடிய ஸ்விட்சிங் பவர் சப்ளை ஒன்று, 9 வோல்ட் ஏசி தரும் ஒன்றரை ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, இரண்டுக்கும் ஃப்யூஸ், கைபடாத பெட்டி, இவ்வளவுதான். மின்னணுச் சாமான் விற்கும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் வாங்குகிறவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. அங்கே சுலபமாகக் கிடைப்பது 9-0-9 டிரான்ஸ்ஃபார்மர். அதில் நடுக்கம்பியையும் ஒரு ஓரக் கம்பியையும் மட்டும் எடுக்க வேண்டும். இரண்டு ஓரங்களையும் எடுத்தால் 18 வோல்ட் உள்ளே போய்விடும்.

பழைய கேபிளை வெட்டி மறுபடி பயன்படுத்துவதாக இருந்தால் கம்பியின் நிறத்தை நம்பாதீர்கள், தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பிளக்கின் ஊசிகளிலிருந்து மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு கம்பியையும் பின்தொடருங்கள். பிளக்கில் ஏழு ஊசிகள் லாட வடிவில் இருக்கும். இரு ஓரங்களிலும் இருக்கும் 6, 7 எண் ஊசிகள் 9 வோல்ட் ஏசிக்கு. உச்சியில் நடுவில் இருக்கும் 2ஆம் ஊசி கிரவுண்ட் (பூஜ்ய வோல்ட்). அதற்கு ஒரு பக்கத்தில் ஒட்டியிருக்கும் 5ஆம் ஊசிதான் +5 வோல்ட், மறுபக்கத்தில் இருப்பது 4ஆம் ஊசி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: பிளக்கின் ஊசிப் பக்கத்தைப் பார்க்கும்போது படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலமாகப் புரண்டுவிடும். இணையத்தில் கிடைக்கும் வரைபடம் கம்ப்யூட்டரின் துளையைக் காட்டுகிறதா, பிளக்கைக் காட்டுகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு சால்டரிங் இரும்பை எடுங்கள்.

புதியது கைக்கு வந்ததும் நேரே கம்ப்யூட்டரில் சொருக வேண்டாம். 5 வோல்ட் முனைகளுக்கு இடையே 4.7 ஓம் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் ஓர் ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். அப்படியே இருபது நிமிடம் விட்டு, மீட்டரைப் பாருங்கள். 4.75க்கும் 5.25க்கும் இடையில் ஆடாமல் நின்றால் நல்லது. ரெசிஸ்டர் நன்றாகச் சுடும், கை வைக்காதீர்கள், மரமேசையில் நேரடியாகப் படவும் விடாதீர்கள். ஏசி பக்கம் சுமை இல்லாமல் 10, 11 வோல்ட் காட்டினால் பயப்பட வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மர் அப்படித்தான். மீட்டரை ஏசி நிலைக்கு மாற்ற மட்டும் மறக்காதீர்கள்.

அடுத்தது கம்ப்யூட்டர். அடியில் இருக்கும் மூன்று திருகுகளைக் கழற்றி மேல்மூடியை மெல்லத் திறங்கள். கீபோர்டின் கம்பியும் சிவப்பு விளக்கின் கம்பியும் பலகையோடு இணைந்திருக்கும், இழுத்துவிடாதீர்கள். பவர் சுவிட்ச் அருகே ஒரு சிறு கண்ணாடி ஃப்யூஸ் தெரியும். அது 9 வோல்ட் ஏசிக்கானது, 1.5 ஆம்பியர். விளக்கு எரிந்தும் திரை கறுப்பாக இருக்கும் பழைய பலகைகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். உங்கள் விளக்கு எரியாததற்கு 5 வோல்ட் வராததே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இத்தனை காலம் சும்மா கிடந்த சுவிட்சின் தொடுமுனைகளும் கறுத்திருக்கலாம். தொடுமுனைக்கான ஸ்ப்ரேயைக் கொஞ்சம் அடித்து, இருபது முறை தட்டிப் போட்டு எடுங்கள். மின்சாரம் இல்லாத நிலையில் +5க்கும் கிரவுண்டுக்கும் இடையே மின்தடையை அளந்து பாருங்கள். ஓர் ஓம், இரண்டு ஓம் என்று காட்டினால் உள்ளே ஏதோ சிப் ஷார்ட். அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகக்கூடாது.

எல்லாம் சரியென்றால் கார்ட்ரிட்ஜ், டிஸ்க் டிரைவ், ஜாய்ஸ்டிக் எதுவும் இல்லாமல் முதல்முறை போடுங்கள். நீலத் திரை வந்து அதில் 38911 பேசிக் பைட்கள் காலி என்று காட்டினால் மெமரி முழுசாக இருக்கிறது. எண் குறைவாக இருந்தால் மெமரி சிப்களில் ஒன்று போயிருக்கலாம். திரை கறுப்பாகவே இருந்தால் அரை நிமிடத்தில் அணைத்துவிட்டு மெமரி சிப்களின் முதுகை விரலால் தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் சுட்டால் குற்றவாளி அநேகமாக அதுவே. எந்தச் சிப், திரையில் என்ன எண் என்று எழுதி அனுப்புங்கள், அடுத்த படியைச் சொல்கிறேன்.