பின் சக்கரம் பிடிக்கிறதா? பிரேக் ஷூ வாங்குவதற்கு முன்னால் ஒரு நட்டைத் தளர்த்திப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. புளியரையில் இருந்து தினமும் ஆரியங்காவுக்கு வேலைக்குப் போய்வருகிறேன். 125 சிசி பைக், அலாய் வீல், பின்னால் டிரம் பிரேக், வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது. போன வாரம் ஒரு கடையில் செயின் டைட் வைத்தேன். அதிலிருந்து யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி வண்டி போகிறது, கோட்டைவாசல் ஏறுவதற்குள் கருகல் வாடை வேறு. செங்கோட்டையில் காட்டினால் பிரேக் ஷூ மாற்றணும் என்கிறார்கள். புனலூரில் ஒரு சேட்டன், டிரம்மே போச்சு, வீலோடு மாற்றணும் என்கிறார். யார் சொல்வது சரி? கடையில் பாதி விலைக்கு ஒரு ஷூ கிடைக்கிறது, வாங்கலாமா?

பதில்: தம்பி, சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமல் சொன்னார்கள் என்றால் இரண்டு பேருக்குமே இப்போதைக்குக் காசு கொடுக்காதீர்கள். 'செயின் டைட் வைத்ததிலிருந்து' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. செயினை இறுக்கும்போது பின் சக்கரம் மொத்தமாகக் கொஞ்சம் பின்னால் தள்ளிப்போகும், ஆனால் பெடலில் இருந்து வருகிற பிரேக் ராடின் நீளம் அப்படியே இருக்கும். அதனால் நீங்கள் மிதிக்காமலேயே ராடு பிரேக் லிவரை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், உள்ளே ஷூ விரிந்து, சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்மில் உரசிக்கொண்டே இருக்கும். செயின் டைட் வைத்தவர் ராடு நுனியில் உள்ள நட்டையும் தளர்த்தி மறுபடி வைத்திருக்க வேண்டும். அவசரத்தில் பல கடைகளில் இதை விட்டுவிடுகிறார்கள்.

காலையில் வண்டி ஆறி இருக்கும்போது சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். செயின் இருப்பதால் ஓரளவு கனமாகத்தான் சுற்றும், அது சாதாரணம். அப்புறம் ராடு நுனி நட்டை நன்றாகத் தளர்த்திவிட்டு மறுபடி சுற்றுங்கள். இப்போது சக்கரம் லேசாகிவிட்டால் ஷூவும் வேண்டாம், டிரம்மும் வேண்டாம். பெடலை மிதித்தால் பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை சும்மா இறங்குகிற மாதிரி நட்டை வைத்தால் பெரும்பாலான வண்டிக்குச் சரியாக இருக்கும், உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன அளவு இருக்கிறதோ அதையே வையுங்கள். பெடலை விட்ட பிறகும் பின் விளக்கில் பிரேக் லைட் எரிகிறதா என்றும் பாருங்கள். எரிந்தால் பெடல் முழுசாக மேலே வருவதில்லை, அல்லது லைட் சுவிட்சைத் திருத்தி வைக்க வேண்டும்.

நட்டைத் தளர்த்தியும் லேசாகவில்லையா? சக்கரத்துப் பக்கம் இருக்கிற அந்தச் சின்ன லிவரைக் கையால் முன்னால் தள்ளி விட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை 'டக்'கென்று திருப்பித் தள்ள வேண்டும். மெதுவாக ஊர்ந்து வந்தாலோ போன இடத்திலேயே நின்றுவிட்டாலோ உள்ளே ஷூவை விரிக்கிற தண்டு, அதாவது கேம், காய்ந்துபோய் இருக்கிறது. நம் பக்கம் ஆனி ஆடிச் சாரலில் நனைந்து ஓடுகிற வண்டிகளில் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான். நானே ஒரு மழைக்காலத்தில் இரண்டு தடவை ஷூ மாற்றினேன். மூன்றாவது கடையில் கேமை வெளியே எடுத்துக் காட்டியபோது தண்டு முழுக்கச் செம்மண் நிறத்தில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சூடு தாங்குகிற கிரீஸை விரல் நுனியில் தொட்டுத் தடவி மாட்டினார்கள். அதற்கப்புறம் அந்த வண்டி பிடிக்கவே இல்லை.

இந்த வேலையைக் கடையில் செய்யச் சொல்லும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கிரீஸ் கொஞ்சமாகத்தான் வைக்க வேண்டும், வழிந்து ஷூவில் பட்டால் பிரேக்கே இல்லாமல் போகும். வெளியிலிருந்து டிரம்முக்குள் ஆயிலோ ஸ்பிரேயோ அடிக்கவே விடாதீர்கள். லிவரைக் கழற்றுமுன் தண்டிலும் லிவரிலும் ஒரு கோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், ஒரு பல் மாறி மாட்டினாலும் அளவு கெட்டுவிடும். உள்ளே இருக்கும் கருந்தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், மூச்சில் போகக்கூடாத தூசி அது. மாட்டும்போது பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆக்ஸில் நட்டை இறுக்கினால் ஷூ டிரம்முக்கு நடுவில் உட்காரும். டிரம்மை மூடியிருக்கிற பிரேக் பிளேட் சுற்றாமல் பிடித்திருக்கிற கம்பியின் நட்டும், அதைப் பூட்டுகிற பின்னும் திரும்பப் போட்டாச்சா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். எஸ் வளைவில் இறங்கும்போது அது கழன்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

லிவர் நன்றாக வேலை செய்தும் சக்கரம் கனமாக இருந்தால் செயினைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள், அதிகமாக இறுக்கிவிட்டாலும் இப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் உரசினால் டிரம் வட்டம் கெட்டிருக்கலாம், அல்லது பேரிங் ஆடலாம். ஐந்து வருஷ வண்டி என்பதால் பெரும்பாலும் கம்பைன்ட் பிரேக்கும் இருக்கும் (125 சிசி வரைக்குமான வண்டிகளுக்கு 2019 ஏப்ரலில் அதையோ ஏபிஎஸ்ஸையோ கட்டாயமாக்கினார்கள்). அது இருந்தால் பின் பெடலே முன் பிரேக்கையும் இழுக்கும் என்பதால் முன் சக்கரத்தையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

இனி சேட்டன் சொன்னது. டிரம் உள்விட்டம் எதுவரை தேயலாம் என்பது டிரம்மிலேயே அச்சாகி இருக்கும். வெர்னியர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். அலாய் வீலில் டிரம் வீலோடு சேர்ந்தது, மாற்றினால் பெரிய செலவு. அளந்து காட்டாமல் அந்தச் செலவுக்குச் சம்மதிக்காதீர்கள். ஷூவுக்கும் அடையாளம் உண்டு. பிரேக்கை முழுசாக மிதிக்கும்போது லிவர் பக்கம் இருக்கும் அம்பு பிளேட்டில் உள்ள குறியைத் தொட்டுவிட்டால் ஷூ தேய்ந்துவிட்டது, அப்போது தாராளமாக மாற்றுங்கள்.

பாதி விலை ஷூ வேண்டாம் தம்பி. மட்டமான ஷூவில் பசை விட்டு லைனிங் பெயர்ந்து வரும். அந்தத் துண்டு டிரம்முக்குள் சிக்கினால் ஓடுகிற சக்கரம் அப்படியே நின்றுவிடும். பெட்டியில் பார்ட் நம்பர், எம்ஆர்பி, தயாரித்த மாதம் இருக்கிறதா பார்த்து, பில் போட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய ஷூவையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலை சரியில்லை என்று நாளைக்கு வாய்த்தகராறு வந்தால் பில்லும் பழைய ஷூவும்தான் உங்கள் சாட்சி. கடை கேரளப் பக்கம் இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்துக்கான ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்கோ வேலைக்கோ கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: எனக்குப் பின்னால் டிஸ்க் பிரேக். பத்து கிலோமீட்டர் போனதும் பிடிக்கிறது, ஆறினால் விட்டுவிடுகிறது. கேலிப்பர் மாற்றணுமா?

பதில்: பிடித்திருக்கும்போதே வண்டியை நிறுத்தி, மெக்கானிக்கை விட்டு, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பரில் உள்ள பிளீடர் நிப்பிளை (காற்று எடுக்கிற சின்னத் திருகு) ஒரு கால் சுற்றுத் திறக்கச் சொல்லுங்கள். சூடான பிரேக் ஃப்ளூயிட் பீறிடும், கையையும் பெயிண்டையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். திறந்ததும் சக்கரம் விட்டுவிட்டால் அழுத்தம் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது பார்க்க வேண்டியது மேலே பெடல் பக்கம், மிதித்தால் ஃப்ளூயிடை அழுத்தி அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிற கம்பிக்குக் கொஞ்சமாவது லூஸ் இருக்கிறதா என்று. லூஸே இல்லாவிட்டால் சூட்டில் விரிகிற ஃப்ளூயிட் டப்பாவுக்குத் திரும்ப வழியில்லாமல் பிரேக்கைத் தானே அழுத்தும். திறந்த பிறகும் சக்கரம் விடவில்லை என்றால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்து, சீல் கிட் மாற்றிப் பார்த்த பிறகு கேலிப்பரைப் பற்றிப் பேசலாம்.