கேஸ் தீர்ந்த காலையும் மதுரை மாற்றலும்

கேள்வி: ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், சமையல் பாதியில் கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் மாற்றுவதற்குள் வழக்கமான பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் கல்லூரித் தோழியைப் பார்த்தேன். அவள் ஸ்கூட்டர் அன்று பஞ்சர். அவள் சொல்லித்தான் இப்போதைய வேலைக்கு விண்ணப்பித்தேன். கூடவே இருந்த இன்னொரு தோழியும் அதைக் கேட்டாள், ஆனால் விண்ணப்பிக்கவில்லை. இப்போது பதவி உயர்வோடு மதுரைக்கு மாற்றல். ‘எல்லாம் விதி, போட்டுக் குழப்பிக்கொள்ளாதே’ என்கிறார் அம்மா. ‘வெறும் தற்செயல்’ என்கிறார் கணவர். அப்படியென்றால், நான் முடிவெடுப்பது என்று ஒன்று உண்டா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. கேஸ் தீர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஸ்கூட்டர் டயரில் ஆணி ஏறியதற்கும் உண்டு. இரண்டும் ஒரே பஸ்ஸில் வந்து சந்தித்ததற்குத்தான் தனியாக ஒரு காரணம் கிடையாது. அரிஸ்டாட்டில் இதைச் சந்தைக் கதையாகச் சொல்கிறார்: ஒருவன் வேறு வேலையாகச் சந்தைக்குப் போகிறான், அவனிடம் கடன் வாங்கியவனும் தன் வேலையாக அங்கே வந்திருக்கிறான், கடன் வசூலாகிவிடுகிறது. இருவரும் காரணத்தோடுதான் வந்தார்கள். வசூலுக்காக யாரும் வரவில்லை, அவ்வளவுதான். ஆகவே தற்செயல் என்றால் காரணமே இல்லாதது என்று பொருளில்லை.

அம்மா விஷயம் கொஞ்சம் பெரிது. ‘ஊழிற் பெருவலி யாவுள’, அதாவது விதியைவிட வலியது எது என்று வள்ளுவரே கேட்கிறாரே என்பார். கேட்கிறார்தான். அந்த அதிகாரத்தோடுதான் அறத்துப்பாலை முடிக்கிறார். ஆனால் பொருட்பாலுக்குப் போனால், சோராமல் முயல்கிறவர்கள் ‘ஊழையும் உப்பக்கம் காண்பர்’, அதாவது ஊழையே முதுகுகாட்டி ஓடவைப்பார்கள் என்கிறவரும் அவரேதான். வள்ளுவர் தடுமாறிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. இரண்டையும் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்.

‘எழுதியிருந்தால் நடக்கும், யோசித்து என்ன ஆகப்போகிறது’ என்கிற பேச்சுக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர் சோம்பேறி வாதம். நோய் தீரும் என்று விதி இருந்தால் வைத்தியர் வந்தாலும் வராவிட்டாலும் தீரும், பிறகு வைத்தியர் எதற்கு என்பார்கள். இதற்குப் பதில் சொன்னவர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் கிரேக்கத் தத்துவஞானி கிரிசிப்பஸ். வேடிக்கை என்னவென்றால், அவரே விதியை முழுதாக நம்பியவர். நோய் தீர்வது விதி என்றால், வைத்தியரைக் கூப்பிடுவதும் அதே விதியில் சேர்ந்ததுதான் என்றார். உங்கள் யோசனையும் அப்படித்தான். அதைக் கழித்துவிட்டால் மிச்சமிருப்பது அதே விதி இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், விதியை நம்பிய ஆளே சொன்னது என்று.

கிரிசிப்பஸ் இன்னொன்றும் சொன்னார். உருளையைச் சரிவில் தள்ளினால் உருளும். தள்ளியது வெளியாள், உருள்வது அதன் வடிவத்தால். மனிதருக்கு அந்த வடிவம் அவரவர் குணம். சரி, அந்த வடிவத்தைக் கொடுத்தது யார் என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்வி. வளர்ப்பு, பழக்கம், பட்ட அடி என்று நிறைய கைகள் உண்டு. ஆனால் உருளைக்குத் தன் வடிவம் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்கிறீர்கள்.

பஸ்ஸுக்கே திரும்புவோம். ஒரே சேதி இரண்டு பேர் காதில் விழுந்தது. ஒருவர் விண்ணப்பித்தார். அவர் நீங்கள். அந்த இடத்தில் உங்கள் அம்மாவுக்கும் கணவருக்கும் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்பது என் கட்சி.

மாற்றலை ஏற்பதா என்று இந்த மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். அதற்குள் ஒருதரம் மதுரைக்குப் போய் வீட்டு வாடகை, பள்ளி எல்லாம் விசாரித்து வாருங்கள். அப்புறம் ஒரு விஷயம். உங்கள் நீண்ட கடிதத்தில் அம்மாவும் கணவரும் பக்கம் பக்கமாக வருகிறார்கள். மகளைப் பற்றி ‘பிளஸ் ஒன் படிக்கிறாள்’ என்று ஒரே வரி. அவளிடம் கேட்டீர்களா?