பின் பிரேக் பிஸ்டன் அசையலையா? கிளாம்பை இறுக்காதீங்க

சார், மன்னார்குடியில, பட்டன்ல இயங்குற எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள காருக்குப் பின் பிரேக் பேடு மாத்துறப்ப, பேடைத் தள்ளுற பிஸ்டன் உள்ளே போகலைன்னு கேட்டிருக்கீங்க. பிஸ்டனை அழுத்த மாட்டின சி-கிளாம்பை (திருகி இறுக்குற பிடிப்பான்) உடனே தளர்த்துங்க. பார்க்கிங் பிரேக் மோட்டார் உள்ளே ஒரு திருகு நட்டைப் பிஸ்டனுக்கு முட்டுக் கொடுத்து வெச்சிருக்கு. அழுத்தினா கியர்தான் உடையும். முன் சக்கரத்துக்குக் கட்டை வெச்சு, காரோட கம்ப்யூட்டர்ல இணைக்கிற ஸ்கேனர்ல சர்வீஸ் மோடு (பேடு மாத்துறதுக்காக மோட்டாரைப் பின்வாங்க வைக்கிற நிலை) கொடுங்க. 'ர்ர்ர்'னு மோட்டார் பின்வாங்கி ஓய்ஞ்ச பிறகு லேசா அழுத்தினாலே பிஸ்டன் நேரா போகும். பேடு இல்லாதப்ப பார்க்கிங் பட்டனைத் தொட்டுடாதீங்க, பிஸ்டன் வெளியே வந்துடும்.

உள்பேடு மட்டும் தேய்ஞ்சிருக்கா? நடவு நேரத்து வயல் சேறு ஸ்லைடு பின்னுல (பிஸ்டன் இருக்கிற காலிப்பர் நகர்றதுக்கான கம்பி) இறுகியிருக்கலாம். துடைச்சு, சிலிக்கான் கிரீஸ் தடவுங்க; பின்னை மூடுற ரப்பர் உறை கிழிஞ்சிருந்தா மாத்துங்க. மாட்டினதும் பெடல் கெட்டியாகும்வரை மிதிச்சுட்டு, அப்புறம்தான் சர்வீஸ் மோடை முடிக்கணும்.