இதயம், சர்க்கரை, சிறுநீரகம்: மூன்றையும் ஒரே மருத்துவர் ஆராய்வது ஏன்?

சேலத்தில் மூன்று நோய்க்கும் மூன்று மருத்துவர்களிடம் கோப்புகளைச் சுமந்து அலையும் குடும்பங்களில் எழும் கேள்வி இது. இம்மூன்றும் பின்னிப் பிணைந்து வரும் நிலைக்கு, அமெரிக்க இதயச் சங்கம் 2023-இல் ஒரே நோய்த்தொகுதியாகப் பெயரிட்டது.

ஓய்வில் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கே செல்கிறது. நெடுநாள் கூடிய சர்க்கரை அங்குள்ள நுண்குழாய்களைக் கெடுக்க, உப்பும் நீரும் உடலில் தேங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது. அதற்கு எதிராக உழைத்து இதயம் தளர்கிறது. தளர்ந்த இதயம் சிறுநீரகத்துக்குப் போதிய இரத்தம் அனுப்ப முடியாமல் போகிறது. கணுக்காலை விரலால் அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்பது இந்தத் தேக்கத்தால்தான்.

ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் ஓடும் வீட்டை எண்ணிப் பாருங்கள். குழாயில் உப்புப் படிந்து, வடிகட்டி அடைத்து, மோட்டார் திணறும்போது மோட்டாரை மட்டும் மாற்றிப் பயனில்லை.

ஆய்வாளர்களின் உழைப்பு பலன் தந்ததும் இங்கேதான். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின் என்ற மருந்து, இதய நோயுள்ள சர்க்கரை நோயாளிகளின் இதயநோய் மரணங்களைக் குறைப்பதாக 2015-இல் தெரியவந்தது. அதே வகையைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரை நோய் இல்லாதவர்களின் சிறுநீரகத்தையும் காப்பதை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. என் பார்வையில் இதுவே பெரிய திருப்பம்.

சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின், இரத்தப் பரிசோதனையில் சரியாக இருந்தால் சிறுநீரகம் நலம் என்று பலர் நம்புவது தவறு. அதற்கு முன்பே சிறுநீரில் அல்புமின் புரதம் கசியத் தொடங்கியிருக்கலாம்.