மேசைக்கு இந்தப் பக்கம்: காமிக்ஸ் ஓவியரின் பதில்கள்

கே: ராணி, முத்து, லயன் காமிக்ஸ்களைப் பைண்டு செய்து இன்னும் வைத்திருக்கிறேன். நந்தம்பாக்கத்துக் காமிக் கானுக்கு வர ஆசை. வேஷம் போட்ட இளவட்டங்களுக்கு நடுவே உங்களுக்கு என்ன வேலை என்று மகன் கேட்கிறான்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

ப: ஐயா, உங்களுக்குத்தான் அங்கே வேலை. 2011-இல் டெல்லியில் தொடங்கிய காமிக்ஸ் திருவிழாவான காமிக் கான் இந்தியா, சென்னைக்கு வர 2024 பிப்ரவரி ஆகிவிட்டது. வர்த்தக மையத்தில் மேசை போட்டு உட்கார்ந்தபோது எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷமே உங்கள் வயதுக்காரர்கள்தான். வந்ததும், "இரும்புக்கை மாயாவி வரைஞ்சு தருவீங்களாம்மா?" என்பார்கள். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர் அல்லவா, மாயாவி!

வரைந்துகொண்டே நானும் ஒன்று கேட்பேன்: "இவரை முதன்முதலில் வரைஞ்சது யார்னு தெரியுமா ஐயா?" அநேகமாகத் தெரிந்திருக்காது. அவர் ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. மாயாவி முதலில் வெளிவந்த அன்றைய பிரிட்டிஷ் வார இதழ்களில் ஓவியர் பெயரைப் போடும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து கை மட்டும் மிதக்குமே, அந்தக் கட்டம் உங்களுக்கு மனப்பாடம். அதை வரைந்த மனிதரின் பெயர் உங்களிடம் வந்து சேரவே இல்லை. இது எனக்கு ஆறாத வருத்தம். கானில் என் பெயர் மேசைக்கு மேலே எழுதியிருக்கிறது. பக்கத்தைப் புரட்டுகிறவர் நிமிர்ந்தால் வரைந்தவள் எதிரே இருக்கிறேன். எத்தனை களைப்பானாலும் நான் போவது அதற்காகத்தான்.

பைண்டு வால்யூம் ஒன்றைக் கையோடு எடுத்து வாருங்கள். பக்கத்து மேசைப் பிள்ளைகள் பழைய இதழ்களைக் கண்ணால் பார்த்ததில்லை. ஞாயிறு மதியம் நடக்க இடமிருக்காது. சனிக்கிழமை காலையே வந்துவிடுங்கள்.

கே: அக்கா, ஓவியர்களுக்கான பகுதியில் மேசை எடுக்கலாம் என்றிருக்கிறேன். போட்ட பணம் திரும்புமா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

ப: மேசை வாடகை, அச்சுக்கூலி, பஸ் கட்டணம், தங்கும் செலவு நான்கையும் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடும்மா. தோழி ஒருத்தியோடு மேசையைப் பங்கு போட முடியுமா என்று அமைப்பாளர்களிடம் கேள். சாப்பிடப் போகவும் ஆள் மாற்றிக்கொள்ளலாம்.

கை மாறுவதெல்லாம் சின்னப் பொருள்கள்தான்: ஸ்டிக்கர், புக்மார்க், ஏ4 பிரிண்ட். வாடகையை அவை மீட்டுக் கொடுக்கும். ஆனால் ஹாலிவுட் நாயகர்களையும் ஜப்பானிய அனிமே முகங்களையும் மட்டும் வரைந்து அடுக்காதே. அவர்கள் வேறொருவரின் சொத்து, அதன் சட்டச் சிக்கல் ஒரு பக்கம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: அந்தப் படத்தை வாங்குகிறவர் நாயகனுக்காக வாங்குகிறார், உன் பெயரைப் படிப்பதில்லை. உன் சொந்தக் கதையில் பதினாறோ இருபத்துநாலோ பக்கத்தில் ஒரு புத்தகம் போட்டு மேசையின் நடுவில் வை. அதை வாங்கினவர்தான் அடுத்த வருஷம் தேடி வந்து, "ரெண்டாம் பாகம் எங்கே?" என்பார்.

அச்சுக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை சில. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். நூறு, இருநூறு பிரதி என்றால் டிஜிட்டல் பிரிண்ட் போதும். ஆயிரம் வாக்கில் போனால் ஆப்செட் கட்டுப்படியாகும். திரையில் பளிச்சென்று தெரியும் நீலமும் பச்சையும் மையில் மங்கிப்போகும். ஒரு பக்கம் சாம்பிள் அடித்துப் பார்க்காமல் மொத்தத்துக்கும் ஆர்டர் கொடுக்காதே.

கூட்டம் சேர்ந்தால் செல்போன் சிக்னல் படுத்துவிடும், க்யூஆர் அட்டை வேலை செய்யாது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்ச் சில்லறை ஒரு டப்பா நிறைய வேண்டும். மதியத்துக்குப் புளியோதரை வேண்டாம், எண்ணெய் விரல் பட்டால் பிரிண்ட் போச்சு. ஸ்பூனால் சாப்பிடக்கூடியதாகக் கட்டிக்கொள்.

கே: மேசைக்கு வந்து "சும்மா ஒண்ணு வரைஞ்சு கொடுங்க" என்று கேட்டால் கோபம் வருமா?
– வாசகர், ஈரோடு

ப: சிறு பிள்ளைகள் கேட்டால் காசே வாங்க மாட்டேன். பெரியவர்களுக்கு விலைப்பட்டியல் மேசையிலேயே இருக்கிறது. வாங்காமல் நின்று புரட்டுகிறவர்கள்மீது துளியும் கோபமில்லை, தாராளமாகப் புரட்டுங்கள்.

கே: கானில் என் பக்கங்களைப் பார்த்த ஒரு பதிப்பகம் நூறு பக்கக் கதை வரையச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் "எல்லா உரிமையும் நிரந்தரமாகப் பதிப்பகத்துக்கே" என்று இருக்கிறது. முதல் வாய்ப்பு, விட மனசில்லை.
– இளம் ஓவியர், கோவை

ப: தம்பி, இன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். அவகாசம் கேட்டதற்காக வாய்ப்பைப் பறிக்கிறவர்களாக இருந்தால், அவர்களோடு நூறு பக்கம் உழைப்பது நல்லதல்ல.

ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் 1938-இல் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பாத்திரம் உலகெங்கும் சம்பாதித்தது. இவர்கள் முதுமையில் பணமுடையில் கிடந்தார்கள். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற சக ஓவியர்கள் தெருவில் இறங்காத குறையாகக் குரல் கொடுத்த பிறகுதான், 1975-இல் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் உதவித்தொகையும், உருவாக்கியவர்கள் என்ற பெயரும் கிடைத்தன. அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தின் ஆரம்பகால நாயகர்கள் பலரை வரைந்த ஜாக் கிர்பி, தன் கையால் வரைந்த மூலப் பக்கங்களைத் திரும்பப் பெறவே வருஷக்கணக்கில் போராடினார். 1987-இல் ஏறக்குறைய 2,000 பக்கங்கள் வந்தன. அவர் அங்கே வரைந்தவற்றில் அது சிறு பங்குதான்.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவை ஒருமுறை படித்துவிடுங்கள். எத்தனை காலத்துக்கு உரிமை தருகிறீர்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், எந்தப் பகுதிக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அது எடுத்துக்கொள்கிறது. உங்களிடம் "நிரந்தரமாக" என்று எழுதி வாங்கப் பார்க்கிறார்களே, அந்த ஒரு சொல்லின் கனம் இப்போது புரிகிறதா?

எனவே காலவரையறை கேளுங்கள். தமிழ்ப் புத்தகத்துக்கு மட்டும் உரிமை கொடுத்து, மொழிபெயர்ப்பு, திரைப்படம், பொம்மை ஆகியவற்றைத் தனியாகப் பேசலாம் என்று சொல்லுங்கள். அட்டையில் உங்கள் பெயர் வர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள், வாய்வார்த்தை போதாது. காகிதத்தில் வரைகிறீர்கள் என்றால் ஸ்கேன் மட்டும் அனுப்புங்கள். மூலப் பக்கங்கள் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கட்டும். பதினொன்றுக்குப் பதினேழு அங்குல அட்டையில் மையால் வரைந்த ஒரு பக்கத்துக்கு, மேசைக்கு வரும் சேகரிப்பாளர்கள் பிரிண்டைப்போலப் பல மடங்கு விலை தருகிறார்கள். கடைசி வரைவை வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். இதில் எதற்குமே ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. கசப்பாக இருக்கும், தெரியும்.

கே: பத்தாம் வகுப்பு படிக்கிறேன். கானில் ஓவியர்களிடம் காட்ட என்ன கொண்டு வர வேண்டும்?
– மாணவி, விருதுநகர்

ப: நாயகன் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் தனிப்படங்கள் வேண்டாம்மா. தொடர்ச்சியாக நான்கு பக்கம் கொண்டு வா. சண்டை இல்லாத கதையாக இருக்கட்டும். உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் வாக்குவாதம் செய்கிறார்கள், பஸ் வருகிறது, ஒருவர் மட்டும் ஏறுகிறார் என்று வைத்துக்கொள். வசனத்தை மூடிவிட்டுப் பார்த்தாலும் யார் கோபமாக இருக்கிறார், யார் விட்டுக்கொடுத்தார் என்று எனக்குப் புரிய வேண்டும். கைகளைப் பாக்கெட்டுக்குள் ஒளித்து வரையாதே, விரல்களைக் காட்டு. வசனம் எழுத இடம் விட்டுவிட்டுப் படத்தை அமை; முகத்தின் மேல் வசன பலூன் வந்து உட்காரக்கூடாது. ஒவ்வொரு பக்கத்தின் பின்னாலும் உன் பெயரையும் அப்பா அல்லது அம்மாவின் போன் நம்பரையும் எழுது. மேசையில் பக்கங்கள் கலந்துவிடும்.