ஆற்றைக் காக்க ஊர்மக்களை எப்படி ஈடுபடுத்துவது?

"துப்புரவுக்குக் கூப்பிட்டால் நாலு பேர்தான் வருகிறார்கள், என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் வேலைக்குக் கூப்பிடாதீர்கள், ஆற்றைப் பார்க்கக் கூப்பிடுங்கள். காலாற நடக்க ஒரு கரைப்பாதை, உட்கார நிழல், இறங்கப் படித்துறை இருந்தால் ஆள் தானாக வரும். தினமும் நடக்கிறவர் கண்ணில்தான் புதிதாக மிதக்கும் நுரை முதலில் படும்.

அப்புறம் பிள்ளைகள். ஆழமில்லாத இடத்தில், பெரியவர் துணையோடு ஒரு கல்லைப் புரட்டிக் காட்டுங்கள். வயிற்றோரச் செவுள்கள் படபடக்க, வால் இழைகளோடு ஒரு சின்னப் பூச்சி ஒட்டியிருக்கலாம். அது மேஃப்ளை என்ற பறக்கும் பூச்சியின் இளம்பருவம். பெரும்பாலும் ஆக்சிஜன் நிறைந்த நீரில்தான் வாழும். வெறும் சிவப்புப் புழுக்களே நெளிந்தால் ஆக்சிஜன் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். (கல்லைப் பழையபடி வைத்துவிடுங்கள், அதுதான் அவற்றின் வீடு.) மாதம் ஒருமுறை அதே இடத்தில் எண்ணி எழுதிவைத்தால், அதிகாரிகளிடம் காட்ட ஒரு கணக்கு இருக்கும்.

பொறுமை வேண்டும், சரி. பாரிஸின் சேன் ஆற்றில் 1923இல் குளிக்கத் தடை விதித்தார்கள். பொதுமக்களுக்கு நீச்சல் இடங்கள் திறந்தது 2025இல்தான். அங்கும் பெரிய வேலை கழிவுநீரைத் தடுத்ததுதான். அதனால் குப்பை பொறுக்குவதோடு, சாக்கடை எங்கே கலக்கிறது என்றும் ஒரு வரைபடம் போடுங்கள்.